ஆலயத்துக்குத் திரும்பும் நாள்: நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

“ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகலாமா, டாக்டர்?” எங்கள் புறநோயாளர் பிரிவிலும், டயாலிசிஸ் பிரிவிலும், புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவிலும் இக்கேள்வி இன்றும் எழுந்துகொண்டேயிருக்கிறது. கொரோனா தொடர்பான உலகளாவிய அவசரநிலை முடிவுற்றதென உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. தமிழ்நாட்டின் ஆலயக் கதவுகள் அதற்கு வெகுமுன்பே திறந்துவிட்டன. ஆயினும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர், கீமோதெரப்பி எடுத்துக்கொள்பவர், நுரையீரல் நலிந்தவர் ஆகியோரில் பலர் ஆலய வாசலை இன்னும் மிதிக்கவில்லை. சிலர் அச்சத்தால் வீட்டிலேயே இருக்கின்றனர். சிலரைப் பிள்ளைகள் அனுப்ப மறுக்கின்றனர். வேறு சிலரோ, யாரிடமும் கேளாமல் பண்டிகை நாளின் பெருங்கூட்டத்துக்குச் சென்று, மறுவாரம் காய்ச்சலுடன் எங்களிடம் வருகின்றனர்.

இம்மூன்று நிலைகளுக்கும் இடையில் ஒரு நல்ல வழி உண்டு என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம். திரும்பிச் செல்லும் நாள் எல்லாருக்கும் ஒரே நாளாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஏற்ற நாளும், ஏற்ற இருக்கையும், ஏற்ற கால அளவும் உண்டு. அவற்றைக் கண்டறிவது மருத்துவர், குடும்பத்தார், சபையார் ஆகிய முத்தரப்பும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி. இங்குக் கூறுபவை கிறித்தவ ஆலயங்களை முன்வைத்து எழுதப்பட்டவை. எனினும் காற்று, கூட்டம், நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய செய்திகள் எவ்வழிபாட்டுத் தலத்துக்கும் பொருந்தும்.

கதவுகள் மூடியிருந்த காலம்

திரும்புதல் ஏன் இத்தனை கடினமாயிற்று என்பதை அறிய, நடந்ததைச் சற்று நினைவுகூர்தல் நலம். 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, நாடெங்கும் மக்கள் ஊரடங்கு கடைப்பிடிக்கப்பட்டது. அவ்வார இறுதிக்குள் முழு ஊரடங்கு வந்துவிட்டது. அவ்வாண்டின் குருத்தோலை ஞாயிறும், புனித வெள்ளியும், ஏப்ரல் 12 அன்று வந்த ஈஸ்டர் பெருநாளும் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. செப்டம்பர் முதல் நாளன்றுதான் தமிழ்நாட்டில் அனைத்து வழிபாட்டுத் தலங்களும் திறக்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமைகளின் முழு ஊரடங்கும் அப்போதுதான் நீங்கியது. எண்ணிப் பார்த்தால், இடையில் கழிந்த ஞாயிறுகள் 24.

அத்துடன் முடியவில்லை. இரண்டாம் அலையில், 2021 ஏப்ரல் இறுதியில் மூடிய கதவுகள் ஜூலை 5 அன்று மீண்டும் திறந்தன. ஆகஸ்டிலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களும் பொதுமக்கள் வழிபாட்டுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஞாயிறே முதன்மை நாளாகிய சபைகளுக்கு இது மூடலுக்கு ஒப்பானதே. அத்தடை அக்டோபர் 14 அன்று நீங்கியது. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் அலை எழுந்தபோது அதே மூன்று நாள் தடை மீண்டும் வந்து, மாத இறுதியில் விலகியது.

திறப்பதும் மூடுவதுமாக ஏறத்தாழ இரண்டாண்டுகள் சென்றன. நலமுள்ளவர்கள் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தனர். நோயுற்றவர்கள் ஒவ்வொரு முறையும் இன்னும் சற்றுப் பொறுப்போம் என்றனர். அந்தப் பொறுத்திருத்தல் சிலருக்குப் பழக்கமாயிற்று. சிலருக்குச் சொல்ல இயலாத தனிமையாயிற்று. அடக்க ஆராதனைகளில் 20 பேருக்கு மேல் கூடக்கூடாதென்று விதி இருந்த நாள்களில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கு, ஆலயத்தில் காலியாகக் கிடக்கும் ஓர் இருக்கையைக் காண்பதே பெரும் சுமையாயிற்று. “உடம்புக்கு முடியவில்லை” என்று அவர்கள் கூறும் காரணத்தின் பின்னே துயரமும் இருக்கக்கூடும் என்பதைக் குடும்பத்தார் உணர வேண்டும்.

கைகழுவும் நீரும், சுவாசிக்கும் காற்றும்

பெருந்தொற்றின் தொடக்கத்தில் ஆலய வாசலில் மூன்று ஏற்பாடுகள் இருந்தன: நெற்றியில் காட்டும் வெப்பமானி, கிருமிநாசினிக் குப்பி, துடைத்து வைக்கப்பட்ட இருக்கைகள். இவற்றுள் வெப்பமானியால் விளைந்த நன்மை சிறிதே. ஏனெனில் காய்ச்சல் வருவதற்கு முன்பே, அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள்களுக்கு முன்பிருந்தே, தொற்றுற்றவர் பிறருக்கு நோயைப் பரப்பக்கூடும். கைகளைத் தூய்மையாக வைத்திருத்தல் வயிற்றுப்போக்கு முதலிய பல நோய்களைத் தடுக்கும்; அதை என்றும் தொடரலாம். ஆனால் கொரோனாவும் சளிக்காய்ச்சலும் முதன்மையாகப் பரவுவது நாம் பகிர்ந்து சுவாசிக்கும் காற்றின் வழியாகவே.

இதைத் தெளிவாக்கிய நிகழ்வுகளுள் இரண்டைக் கூறுகிறோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 2020 மார்ச் 10 அன்று, பாடகர் குழு ஒன்று ஆலயக் கட்டடம் ஒன்றில் இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்திருந்தோர் 61 பேர். அவர்களுள் ஒருவருக்குச் சளி அறிகுறி இருந்தது. பின்னர், உறுதிசெய்யப்பட்டோரும் நோயுற்றதாகக் கருதப்பட்டோருமாக 53 பேர் பாதிக்கப்பட்டனர், இருவர் இறந்தனர். அவ்வாண்டு ஜூலையில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர ஆலயம் ஒன்றில், தொற்றுற்ற பாடகர் ஒருவர் சில ஆராதனைகளில் பாடினார். அவரிடமிருந்து 12 பேருக்கு நோய் பரவியது. அவர்களுள் சிலர் அவரிடமிருந்து 15 மீட்டர் வரை தள்ளி அமர்ந்திருந்தவர்கள். அவ்வாலயத்தில் காற்றோட்டம் மிகக் குறைவு. யாரும் முகக்கவசம் அணியவில்லை.

இவற்றிலிருந்து கற்கத்தக்கது இதுவே. நாம் பேசும்போதும் பாடும்போதும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளிகள் வெளிவருகின்றன. குரல் உயர உயர அவற்றின் அளவும் பெருகும். பெரிய துளிகள் அருகிலேயே விழுந்துவிடும். மிக நுண்ணியவை, மூடிய அறையில் சாம்பிராணிப் புகை பரவுவதுபோல, நெடுநேரம் மிதந்து அறையெங்கும் பரவும். ஆகவே ஆறடி இடைவெளி மட்டும் போதாது. அறையின் காற்று எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதும், நாம் அங்கு எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பதும் முக்கியம்.

நம் நாட்டுப்புறப் பழைய ஆலயங்கள் பலவற்றில் உயர்ந்த கூரையும், இருபுறமும் பெரிய சன்னல்களும், பக்க வாயில்களும், தாழ்வாரமும் உண்டு. இவை திறந்திருக்குமாயின் அதுவே நல்ல பாதுகாப்பு. மாறாக, கதவுகளை அடைத்துக் குளிரூட்டப்பட்ட புதிய கூடங்களில் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். வீடுகளிலும் கூடங்களிலும் பரவலாகப் பொருத்தப்படும் ஸ்பிலிட் ஏசி, உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துத் திரும்பத் தருகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. மின்விசிறியும் காற்றைக் கலக்குமேயன்றிப் புதுக்காற்றைக் கொணராது. சன்னல் திறந்திருந்தால் மட்டுமே அதன் பயன் முழுமையாகும்.

யார், எப்போது செல்லலாம்?

கீழே கூறுபவை பொதுவான வழிகாட்டுதல்கள். உங்கள் மருத்துவர் உங்கள் நிலைக்கேற்பக் கூறும் சொல்லே இறுதியானது.

*கீமோதெரப்பி பெறுவோர்.* ஒவ்வொரு முறை மருந்து ஏற்றிய பின்னும், பொதுவாக 7 முதல் 14 நாள்களுக்குள் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை மிகக் குறைந்த நிலையை அடைகிறது. பின்னர் மெல்ல உயர்கிறது. மருந்துக்கு மருந்து இக்காலம் வேறுபடும். மூன்று வாரத்துக்கொரு முறை சிகிச்சை பெறுபவராயின், அடுத்த மருந்துக்குச் சற்று முந்திய ஞாயிறே பெரும்பாலும் பாதுகாப்பான ஞாயிறு. சிகிச்சை அட்டவணையையும் நாள்காட்டியையும் அருகருகே வைத்து, அந்த ஞாயிற்றைக் குறித்துத் தருமாறு எங்கள் செவிலியரிடம் கேளுங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் காய்ச்சல் கண்டால் எந்த நேரமாயினும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். ஆராதனை முடியட்டும், விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

*உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர்.* புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் தரப்படுகின்றன. முதல் சில மாதங்களில் இவற்றின் அளவு மிகுதி. அக்காலத்தில் கூட்டத்தைத் தவிர்க்கவே அறிவுறுத்துகிறோம். பின்னர் அளவு குறையும். ஆயினும் மருந்து வாழ்நாள் முழுவதும் தொடரும். எனவே முகக்கவசமும் இருக்கைத் தேர்வும் உங்களுக்கு நீண்டகாலப் பழக்கமாக வேண்டும். தடுப்பூசியால் கிடைக்கும் பாதுகாப்பும் உங்களுக்குப் பிறரைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். ஆகவே உங்களைச் சூழ்ந்திருப்போர் தடுப்பூசி செலுத்திக்கொள்வது உங்களுக்கும் காவலாகும்.

*டயாலிசிஸ் செய்துகொள்வோர்.* வாரம் மும்முறை டயாலிசிஸ் பெறும் பலருக்கு ஞாயிறு ஓய்வு நாள். ஆலயத்துக்கு ஏற்ற நாளும் அதுவே. ஆனால் இரண்டு டயாலிசிஸுக்கு இடைப்பட்ட நீண்ட இடைவெளியும் பெரும்பாலும் அதையொட்டியே வருகிறது. உடலில் நீரும் உப்பும் தேங்கும் காலம் அது. ஆராதனைக்குப் பின் தரப்படும் தேநீர், அசன விருந்தின் குழம்பு, ஊறுகாய் ஆகியவற்றில் அளவு தவறாதிருங்கள். ஃபிஸ்டுலா உள்ள கையைக் கூட்டத்தில் யாரும் அழுத்திப் பிடிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பை, குடை முதலியவற்றை அக்கையில் மாட்ட வேண்டாம்.

*ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய், இதய நலிவு உள்ளோர்.* தூபப் புகை மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும். பீடத்துக்கு அருகில் அமராமல் பக்க வாயிலருகே அமருங்கள். இன்ஹேலர் சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்க வேண்டும். வண்டியில் விட்டுவிட்டு வரலாகாது. ஆக்சிஜன் உருளையோ கருவியோ பயன்படுத்துவோர் எரியும் மெழுகுதிரியிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி இருத்தல் வேண்டும். பாஸ்கா திருவிழிப்பு, கிறித்துமஸ் இரவு போன்ற, மக்கள் அனைவரும் கையில் திரி ஏந்தும் வழிபாடுகளுக்கு ஆக்சிஜனுடன் செல்லவே வேண்டாம்.

*தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மீண்டோர், நீடித்த கொரோனாவால் அவதியுறுவோர்.* தசைகள் வலுவிழந்திருக்கும். நெடுநேரம் நின்றாலோ, முழந்தாளிட்டு எழுந்தாலோ தலைசுற்றல் வரலாம். சபை எழுந்து நிற்கும்போது நீங்கள் அமர்ந்தே இருக்கலாம். அதற்காக வருந்த வேண்டியதில்லை. முதல் முறை அரை மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்புங்கள். அன்றும் மறுநாளும் உடல் அயர்ச்சி கூடவில்லையெனில் அடுத்த முறை நேரத்தைக் கூட்டலாம்.

ஆலயத்துக்குள் நடந்துகொள்ளும் முறை

*நேரம்.* பெரும்பாலான ஆலயங்களில் ஞாயிறன்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆராதனைகள் உண்டு. கூட்டம் குறைந்த அதிகாலை ஆராதனையைத் தேர்ந்தெடுங்கள். கத்தோலிக்கர் வார நாள் திருப்பலிக்குச் செல்லலாம். முதன்முதலாகத் திரும்பும் நாளாகப் பண்டிகை நாளைத் தெரிந்துகொள்ள வேண்டாம். ஆண்டின் மிகப்பெரிய கூட்டம் அன்றுதான் கூடும். வெளியூர்களிலிருந்து வந்த உறவினர்களும் அன்றே நிறைந்திருப்பர்.

*இருக்கை.* திறந்த சன்னலையொட்டியோ, பக்கவாயில் அருகிலோ, தாழ்வாரத்திலோ உள்ள இருக்கையே உங்களுக்குரியது. பாடகர் குழுவுக்கு நேரெதிரே அமர்வதைத் தவிருங்கள். தொடங்குவதற்குச் சற்று முன் உள்ளே சென்று, முடியும் தருவாயில் வெளியே வந்துவிட்டால் வாசல் நெரிசலைத் தவிர்க்கலாம். வாசலில் நின்று அனைவரிடமும் நலம் விசாரிக்கும் அன்பான பழக்கத்தைத் திறந்த வெளியில், மர நிழலில், சில அடி இடைவெளியுடன் வைத்துக்கொள்ளுங்கள்.

*முகக்கவசம்.* முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 வகை முகக்கவசம், பிறர் அணியாவிடினும் அணிந்தவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. துணிக்கவசத்தின் பாதுகாப்பு மிகக் குறைவு. மூச்சுத்திணறல் உள்ளோர் எவ்வகைக் கவசம் தமக்கு ஏற்றதென மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். “இன்னும் எதற்கு இது?” என்று யாரேனும் வினவினால், “சிகிச்சையில் இருக்கிறேன்” என்ற ஒரு சொல் போதும். அதற்கு மேல் விளக்கம் தர நீங்கள் கடமைப்பட்டவரல்லர்.

*பாட்டு.* பாடுவதா, வேண்டாமா என்பது பலருக்கும் நெஞ்சை உறுத்தும் கேள்வி. முகக்கவசத்துடன், சன்னலருகே, மெல்லிய குரலில் நீங்கள் பாடலாம். உங்களுக்கு வரும் ஆபத்து உங்கள் பாட்டிலிருந்து வருவதன்று; சுற்றியுள்ளோர் மூடிய கூடத்தில் உரத்துப் பாடுவதிலிருந்தே வருகிறது.

*சமாதான வாழ்த்து.* கரங்களைப் பற்றிச் சமாதானம் பகிரும் வழக்கமுள்ள சபைகள் பல, பெருந்தொற்றுக் காலத்தில் கைகூப்பி வணங்கும் முறைக்கு மாறின. அது நம் மண்ணின் வழக்கமே. நீங்கள் முந்திக்கொண்டு கைகூப்பினால் எதிரே இருப்பவரும் கைகூப்புவார். மறுப்பதாக யாருக்கும் தோன்றாது.

*திருவிருந்து, நற்கருணை.* அனைவரும் ஒரே கிண்ணத்திலிருந்து பருகும் முறை எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கு ஏற்றதன்று. கிண்ணத்தின் விளிம்பைத் துடைப்பது கிருமிகளைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. அப்பத்தைக் கிண்ணத்தில் தோய்த்துப் பெறுவது பாதுகாப்பானதென்று பலர் எண்ணுகின்றனர். விரல்கள் இரசத்தில் படுவதால் அதுவும் அப்படியன்று. தனித்தனிச் சிறு கிண்ணங்கள் நல்ல மாற்று. அப்பத்தை மட்டும் பெற்றுக்கொள்வதும் முழுமையான பங்கேற்பே என்பதைத் திருச்சபை மரபுகள் பலவும் ஏற்கின்றன. உங்கள் குருவானவரிடம் கேட்டறியுங்கள். நாவில் பெறுவதைவிடக் கையில் பெறுவது நலம்.

உணவும் மாத்திரையும்

வெறும் வயிற்றோடு திருவிருந்தில் பங்குபெறும் வழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் ஆழ வேரூன்றியது. இன்சுலின் போட்டுக்கொள்வோரும், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உண்போரும் இதனால் ஆலயத்திலேயே மயங்கி விழக்கூடும். இவ்வகையில் ஒரு செய்தியைக் கத்தோலிக்க வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறோம். நற்கருணைக்கு முந்திய ஒரு மணி நேர நோன்பிலிருந்து முதியோருக்கும், நோயுற்றோருக்கும், அவர்களைப் பராமரிப்போருக்கும் திருச்சபைச் சட்டமே விலக்கு அளித்துள்ளது. பிற சபையார் தம் ஆயரிடம் கேட்கலாம். நோயாளியைப் பட்டினி கிடக்குமாறு கூறும் ஆயரை நாங்கள் இதுவரை கண்டதில்லை. காலை உணவையும் மாத்திரையையும் உரிய நேரத்தில் எடுத்துக்கொண்ட பின்னரே புறப்படுங்கள். மாற்று உறுப்பைக் காக்கும் மருந்துகளின் நேரம் ஆராதனை நேரத்தோடு மோதினால், மருந்துக்கே முதலிடம்.

பராமரிப்போருக்கு

வீட்டில் நோயாளி இருக்கையில், அவரைக் காப்பவரின் உடல்நலமும் சிகிச்சையின் ஒரு பகுதியே. நோயாளி ஆலயத்துக்குச் செல்லாவிடினும், நீங்கள் சென்று தொற்றைக் கொண்டுவரக்கூடும். ஆகவே மருத்துவர் பரிந்துரைக்கும் தடுப்பூசிகளை, குறிப்பாக ஆண்டுதோறும் போட வேண்டிய சளிக்காய்ச்சல் தடுப்பூசியை, நீங்களும் செலுத்திக்கொள்ளுங்கள். சளி, இருமல், காய்ச்சல் இருப்பின் அவ்வாரம் ஆலயத்துக்குச் செல்லாதிருங்கள். இயன்றால் நோயாளியின் அறையிலிருந்தும் விலகியிருந்து, வேறொருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அன்போடு கூற விரும்புகிறோம். “அம்மா, நீங்கள் போகக் கூடாது” என்று பிள்ளைகள் விதிக்கும் தடை பெரும்பாலும் பாசத்தினாலும் அச்சத்தினாலும் எழுவது. ஆனால் தம் வாழ்நாளின் எஞ்சிய காலத்தை எவ்வாறு கழிப்பது என்பதில் நோயுற்றவருக்குத் தாமே தீர்மானிக்கும் உரிமை உண்டு. நீண்ட நாள் நோயில் இருக்கும் தாய்க்கு, சபையோடு சேர்ந்து ஒருமுறை பாடிவிட வேண்டும் என்ற ஆசை மருந்துக்கு அடுத்ததாக இராது. தடை விதிப்பதற்கு முன் மூன்று கேள்விகளை மருத்துவர் முன்னிலையில் பேசுங்கள். இப்போதுள்ள இரத்த அணுக்களின் நிலையில் ஆபத்து எவ்வளவு? அதைக் குறைக்க நம்மால் என்ன செய்ய இயலும்? குறைத்த பின்னும் எஞ்சும் ஆபத்தை ஏற்க அவர் விரும்புகிறாரா? மூன்றாவது கேள்விக்கு விடை கூற வேண்டியவர் நோயாளி மட்டுமே.

வர இயலாதோருக்கு

சிலருக்கு மருத்துவர் “இப்போதைக்கு வேண்டாம்” என்றே கூறுவார். அவர்களுள் பலர் குற்றவுணர்வோடு எங்களிடம் பேசுகின்றனர்: எல்லாரும் போகிறார்கள், நான் மட்டும் விசுவாசம் குன்றியவனாக வீட்டில் இருக்கிறேனோ என்று. அவர்களுக்கு வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகள்.

1527இல், கொள்ளைநோய்க் காலத்தில், நோய்க்கு அஞ்சி விலகலாமா என்று பிரெஸ்லாவ் நகரப் போதகர்கள் கேட்ட கேள்விக்கு மார்ட்டின் லூத்தர் ஒரு கடிதம் எழுதினார். பிறருக்குப் பணி செய்யும் பொறுப்பு உடையோர் நிலைத்திருக்க வேண்டும் என்றவர், தேவையின்றி ஓரிடத்துக்குச் சென்று தொற்றைப் பெறுவதையும் பரப்புவதையும் தவிர்ப்பது பிறர்மீது கொண்ட அன்பின் கடமை என்றும் விளக்கினார். 1576இல் இத்தாலியின் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, வீடுகளில் அடைபட்டிருந்த மக்கள் சன்னல் வழியே கண்டு பங்குபெறும்படி, பேராயர் சார்லஸ் பொரோமியோ தெருச் சந்திப்புகளில் பீடங்களை அமைக்கச் செய்தார். விலகியிருத்தலும் விசுவாசத்துக்கு உட்பட்டதே என்பதையும், வர இயலாதோரிடம் வழிபாடு சென்றடைய வேண்டும் என்பதையும் திருச்சபையின் இரு பெரும் மரபுகளும் நெடுங்காலமாகவே அறிந்துள்ளன.

வீட்டிலிருப்போர் திருவிருந்தையோ நோயிற்பூசுதலையோ வீட்டிலேயே பெற ஆயரையோ பங்குத்தந்தையையோ அழைக்கலாம். தொல்லை தருகிறோமே என்று தயங்க வேண்டாம். அது அவர்களின் பணி. வருவோருக்கு இவ்வளவே விதிகள்: சளியோ காய்ச்சலோ இருப்பின் வர வேண்டாம், ஓரிருவர் மட்டும் வருக, உள்ளே வந்ததும் கைகளைச் சோப்பால் கழுவுக, முகக்கவசம் அணிக, சன்னலைத் திறந்து வைத்துக் கால்மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்க, நோயாளியின் கட்டிலில் அமராதிருக்க. இவ்விதிகளைச் சொல்லக் கூச்சமாயிருப்பின், “மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள்” என்று எங்கள்மேல் பழியைப் போடுங்கள். நாங்கள் மகிழ்ந்து ஏற்போம்.

சபையாருக்குச் சில வேண்டுகோள்கள்

இப்பக்கத்தை உங்கள் ஆயரிடமோ, பங்குத்தந்தையிடமோ, சபைக் குழுவினரிடமோ கொடுங்கள். அவர்களிடம் நாங்கள் வேண்டுபவை இவை:

1. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைகளுள் ஒன்றிலேனும் குளிர்சாதனத்தை நிறுத்தி, எல்லாச் சன்னல்களையும் கதவுகளையும் திறந்து வையுங்கள். எந்த ஆராதனை என்பதை முன்னரே அறிவியுங்கள்.

2. சன்னலோரத்திலோ தாழ்வாரத்திலோ சில இருக்கைகளை நோயுற்றோருக்கென ஒதுக்குங்கள். ஒலிபெருக்கி அங்கும் கேட்கட்டும்.

3. கரியமில வாயு அளவைக் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கிக் கூட்டத்தின் நடுவே வைத்துப் பாருங்கள். வெளிக்காற்றில் அது ஏறத்தாழ 420 பிபிஎம் காட்டும். கூடத்தில் 800ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று கொண்டு, இன்னும் சன்னல்களைத் திறவுங்கள்.

4. சளியும் காய்ச்சலும் உள்ளோர் வீட்டில் இருப்பது நற்செயல் என்று அறிவிப்பு நேரத்தில் வெளிப்படையாகக் கூறுங்கள். பாடகர் குழுவினருக்கும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இது சிறப்பாகப் பொருந்தும்.

5. ஊரடங்கில் தொடங்கிய நேரலை ஒளிபரப்பு உங்கள் சபையில் நின்றுபோயிருந்தால், ஒரு கைப்பேசியைக் கொண்டேனும் அதை மீண்டும் தொடங்குங்கள். பார்ப்போர் ஐந்து பேராயினும் அவர்கள் படுக்கையில் இருப்போராக இருக்கக்கூடும்.

6. வர இயலாதோரின் பட்டியல் ஒன்றை வைத்து, வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேச ஒருவரை நியமியுங்கள். கல்லறைத் திருநாளிலோ வேறு நாளிலோ, பெருந்தொற்றுக் காலத்தில் முறையான அடக்க ஆராதனை கிட்டாது மறைந்தோரின் பெயர்களைச் சபை முன் வாசியுங்கள். துயரத்தால் வராதிருப்போர் சிலர் அன்று வருவர்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. சன்னலைத் திறப்பதற்குக் காசு தேவையில்லை. ஆனால் இவற்றைச் செய்யும் சபைக்கு, ஓராண்டுக்கு மேலாக வராதிருந்த ஒருவர் திரும்பி வரக்கூடும். எல்லாரும் கூடிவிட்டோம் என்று ஒரு சபை கூறுமுன், இன்னும் வராதவர் யார், அவர் வர நாம் என்ன செய்தோம் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்த முறை வரும்போது

அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு வருகையில் மூன்று செய்திகளை ஒரு தாளில் எழுதி வாருங்கள்: உங்கள் ஆலயத்தின் ஆராதனை நேரங்கள், அங்கு சன்னல்கள் திறக்கப்படுகின்றனவா, குளிர்சாதனமா என்பது, நீங்கள் செல்ல விரும்பும் நாள். உங்கள் அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவுகளோடு அவற்றைச் சேர்த்துப் பார்த்து, செல்லலாமா, எந்த ஞாயிறு, எவ்வளவு நேரம், என்ன முன்னெச்சரிக்கை என்பதை உங்களோடு அமர்ந்து நாங்கள் முடிவு செய்வோம். “இந்த மாதம் வேண்டாம்” என்று கூற நேர்ந்தால், எப்போது மீண்டும் கேட்கலாம் என்பதையும் அதே தாளில் நாள் குறித்துத் தருவோம்.